தேய்ந்த விரலும் ஆளின் அடையாளமும்

என் தமக்கையாருக்கு அகவை 70 நெருங்குகிறது. பத்து வயதில் தார் சுற்றத் தொடங்கிய கைகள் அவருடையவை. மணமாகி வந்த பின்னர்ப் பாவு பிணைக்கும் வேலையை மேற்கொண்டு, 40 ஆண்டுகளுக்கு மேலாக எங்கள் ஊர்த் தறிகள் பலவற்றிற்கும் அவரே பிணைத்துக் கொடுத்து வந்திருக்கிறார். சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு நாள் அவர் நியாய விலைக் கடையிலிருந்து வெறும் பையோடு திரும்பி வந்தார். கடையில் அரிசி இல்லாமலில்லை. கடை பூட்டியிருக்கவும் இல்லை. இயந்திரத்தின் கண்ணாடியில் அவர் பெருவிரலை வைத்தார். இயந்திரம் ரேகை பொருந்தவில்லை என்றது. விரலைப் புடைவைத் தலைப்பில் துடைத்து மறுபடியும் வைத்தார். மறுபடியும் அதே விடை.

கடையின் விற்பனையாளர் எங்கள் தெருவிலேயே வளர்ந்த பிள்ளை. சிறு வயதில் எங்கள் தமக்கையார் வீட்டுத் திண்ணையில் உண்டு உறங்கியவர். அவர், "பெரியம்மா, நீங்கள் யார் என்பது எனக்குத் தெரியாதா? இந்த இயந்திரத்திற்குத் தெரியவில்லையே. நான் என்ன செய்வேன்? நாளைக்கு ஒரு தடவை வந்து பாருங்கள்" என்றாராம். மறுநாளும் பொருந்தவில்லை. மூன்றாம் நாளும் பொருந்தவில்லை. அன்று மாலை என் வீட்டிற்கு வந்து உட்கார்ந்தவர், "தம்பி, இத்தனை நாளும் நான் யாராக இருந்தேன்?" என்று கேட்டார். வேடிக்கையாகக் கேட்டார் என்றே முதலில் எண்ணினேன். முகத்தைப் பார்த்த பிறகு வேடிக்கையன்று என்பது தெரிந்தது.

நான்காம் முறை சென்றபோது வரிசையில் நின்ற வேறொரு பெண்மணி, "இடக்கை மோதிர விரலை வைத்துப் பாருங்கள், எனக்கு அதுதான் விழுகிறது" என்று சொன்னாராம். வைத்தார், பொருந்திற்று. பத்து விரல்களில் எதனை வேண்டுமானாலும் வைக்கலாம் என்பது விற்பனையாளருக்கும் அதுவரை தெரியாது. ஒரு குடும்பத்தில் நால்வர் இருந்தால் ஒருவர் விரல் பொருந்தாவிடினும் மற்றொருவர் சென்று வாங்கி வரலாம். என் தமக்கையார் தனித்து வாழ்பவர். அவர் அட்டையில் வேறு விரல் இல்லை.

ஒரு வீட்டுக் குறையைப் பத்திரிகையில் ஏற்றுகிறேன் என்று அங்கத்தினர்கள் எண்ணலாகாது. ஒருவர் இன்னார் என்பதை அவருடைய உடலைப் பார்த்து எவ்வளவு தூரம் தீர்மானிக்கலாம் என்ற கேள்வி, கையால் உழைத்துப் பிழைக்கும் நெசவாளருக்கும் பயிரிடுவோருக்கும் வேறு எவரையும்விட நெருக்கமான கேள்வியாகிவிட்டது. ஆகவே இதனைச் சற்று விரிவாகவே எண்ணிப் பார்க்க விரும்புகிறேன்.

உடலைக் கொண்டு ஆளை அறியும் வழக்கம் புதியதன்று. பள்ளியை விட்டு வெளியேறும்போது கொடுக்கப்படும் சான்றிதழில் 'அங்க அடையாளங்கள்' என்றொரு இடம் உண்டு. என் சான்றிதழில் 'இடது முழங்காலில் ஒரு தழும்பு' என்று எழுதியிருக்கிறது. சிறு வயதில் தறிக்குழியில் தவறி விழுந்ததால் ஏற்பட்ட தழும்பு அது. தலைமையாசிரியர் மிகுந்த அக்கறையோடு அதனைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். அன்று தொட்டு இன்றுவரை எத்தனையோ அலுவலகங்களில் அச்சான்றிதழைக் காட்டியிருக்கிறேன். ஒருவரும் என் முழங்காலைக் காட்டச் சொன்னதில்லை. இப்பொழுது எவரேனும் கேட்பாராயின் காட்டுவதற்கும் வழியில்லை, தழும்பு மறைந்துவிட்டது. நானோ மறையவில்லை.

நம் சங்கங்களின் பழைய பதிவேடுகளைப் புரட்டிப் பார்ப்பவர்கள் மற்றொன்றையும் காண்பார்கள். தொடக்க ஆண்டுகளின் பக்கங்களில் பெயருக்கு நேரே பெருவிரல் ரேகைகள் வரிசையாகக் கறுத்துக் கிடக்கும். பின்னர் வரும் பக்கங்களில் அவற்றின் இடத்தைக் கோணலும் நெளிவுமான கையெழுத்துகள் பிடித்துக்கொள்ளும். 'கைநாட்டு' என்பது நம் நாட்டில் ஒரு வசைச் சொல்லாகவே இருந்தது. அந்த வசையிலிருந்து மீள்வதற்காகப் பகலெல்லாம் நெய்துவிட்டு இரவில் அரிக்கேன் விளக்கின் முன் அமர்ந்து எழுத்துக் கற்றவர்கள் நம் தந்தையர். என் தந்தையார் தம் பெயரை எழுதுவதைப் பார்த்தால் இழை எண்ணிப் பாவு கட்டுவது போலிருக்கும், அவ்வளவு நிதானம். தாம் கையெழுத்திட்ட முதல் பற்றுச்சீட்டை அவர் பல காலம் பெட்டியில் வைத்திருந்தார். 'இது நான்' என்று அவர் தம் முயற்சியால் உலகிற்குக் காட்டக் கற்றுக்கொண்ட அடையாளம் அது. அவருடைய பேரப்பிள்ளைகள் பட்டம் பெற்றவர்கள். அரிசி வாங்கப் போனால் அவர்களும் விரலைத்தான் நீட்டுகிறார்கள். காலம் சுற்றிக்கொண்டு வந்து பழைய இடத்திலேயே நின்றதை எண்ணினால் சிரிப்பும் வருகிறது, வருத்தமும் வருகிறது.

இந்த விரல் ரேகை முறை எங்கிருந்து வந்தது? இதன் பிறப்பிடம் நம் நாடே. 1858-ஆம் ஆண்டில் வங்காளத்தின் ஜங்கிப்பூரில் அதிகாரியாயிருந்த வில்லியம் ஹெர்ஷல் என்னும் ஆங்கிலேயர், சாலைக்குக் கல் பரப்பும் பொருள் தருவதற்கு ராஜ்யதர் கோனாய் என்பவரோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார். ஒப்பந்தக்காரர் நாளைக்கு 'இது என் கையொப்பமன்று' என்று மறுத்துவிடாதிருக்கும் பொருட்டு, அவர் உள்ளங்கை முழுவதையும் மையில் தோய்த்துத் தாளில் பதித்து வாங்கினார். நம்பிக்கைக் குறைவிலிருந்துதான் அம்முறை முளைத்தது என்பதை மறக்கலாகாது. பின்னர் 1877-இல் ஹூக்ளி மாவட்டத்தில் அவரே ஓய்வூதியம் பெறுவோரின் ரேகைகளைப் பதியச் செய்தார். இறந்து போனவர் பெயரில் வேறொருவர் பணம் வாங்கிச் செல்வதைத் தடுப்பதே அதன் நோக்கம். இன்று ஓய்வூதியம் பெறும் முதியவர் ஆண்டுதோறும் தாம் உயிரோடிருப்பதைக் காட்ட இயந்திரத்தில் விரல் வைக்கிறாரல்லவா? அதன் முன்னோடி இதுவே. 1897-இல் கல்கத்தாவில் ரேகைகளுக்கென்றே ஓர் அலுவலகம் நிறுவப்பட்டது. உலகில் அவ்வகையில் அதுவே முதலாவது. ரேகைகளை வகைப்படுத்தும் முறைக்கு எட்வர்டு ஹென்றியின் பெயர் வழங்குகிறது. அதன் கணக்கை வகுத்துக் கொடுத்து உழைத்தவர்கள் அசிசுல் ஹக், ஹேம சந்திர போஸ் என்னும் இரு இந்தியர்கள்.

விரல் ரேகை கேட்பதை மானக் கேடாகக் கருதி நம்மவர் எதிர்த்த வரலாறும் உண்டு. 1906-இல் தென்னாப்பிரிக்காவின் டிரான்சுவாலில் ஆசியர் அனைவரும் விரல் ரேகை கொடுத்துப் பதிந்துகொண்டு, சான்றிதழைக் கையில் வைத்திருக்க வேண்டுமென்று ஒரு சட்டம் கொண்டுவரப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பர் 11-ஆம் நாள் ஜோகன்னஸ்பர்க்கில் கூடிய கூட்டத்தில் காந்தியடிகளும் அங்கிருந்த இந்தியரும் அதற்குப் பணிவதில்லை என்று உறுதி பூண்டனர். அப்போராட்டத்தில் தமிழர்கள் கொண்ட பங்கு பெரிது. ஆயினும் 1908-இன் தொடக்கத்தில் அரசாங்கத்தோடு ஓர் உடன்பாடு ஏற்பட்டபோது காந்தியடிகள் தாமே முன்வந்து விரல் ரேகை கொடுத்தார். இதனைச் சிலர் துரோகமென்று கருதினர். அவரைத் தெருவில் தாக்கவும் செய்தனர். கட்டாயத்தின் பேரில் குற்றவாளியைப் போல் கொடுப்பது வேறு, நம்பிக்கையின் பேரில் மனமுவந்து கொடுப்பது வேறு என்பது அவர் கருத்து. உடன்பாடு காக்கப்படவில்லை என்று கண்டபொழுது, அவ்வாண்டு ஆகஸ்டு 16-ஆம் நாள் ஜோகன்னஸ்பர்க்கின் ஹமீதியா மசூதித் திடலில் அந்தச் சான்றிதழ்களைக் கொளுத்தச் செய்தவரும் அவரே. இருமுறையும் விரல் ஒன்றுதான். கேட்கிறவர் நம்மை எப்படிக் கருதிக் கேட்கிறார் என்பதில் இருக்கிறது வேற்றுமை.

இனி, விரலைப் பற்றியே சிறிது பேச வேண்டும். தாயின் வயிற்றில் சிசுவுக்கு மூன்று நான்கு திங்களாகும்போது ரேகைகள் தோன்றத் தொடங்கி, ஆறாம் திங்களுக்குள் நிலைபெற்று விடுகின்றன. ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையருக்கும் ரேகை ஒன்றாக இராது. ரேகையின் அச்சு மேல்தோலில் இல்லை. மேல்தோலும் உள்தோலும் சேரும் இடத்தில் இருக்கிறது. ஆதலால் மேலே தேய்ந்தாலும் சில வாரங்கள் கைக்கு ஓய்வு கொடுத்தால் பழைய ரேகையே மீண்டும் எழுந்து வரும். ஆழ்ந்த தீப்புண்ணோ வெட்டுக்காயமோ அச்சையே அழித்தாலன்றி அது மாறுவதில்லை. இயந்திரமோ மேற்பரப்பை மட்டுமே பார்க்கிறது. அடியில் அழியாமல் இருப்பதை அது அறியாது. தோல் வறண்டிருந்தாலும் அதற்குத் தெரியாது. ஈரம் மிகுந்தாலும் தெரியாது. முதுமையில் தோல் தளர்ந்து கோடுகள் தாழ்ந்துவிட்டாலும் தெரியாது.

சில வாரங்கள் கைக்கு ஓய்வு என்றேன். நம்மில் யாருக்கு அது கிடைக்கிறது? பாவு பிணைப்பவரின் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். தீர்ந்த பாவின் ஒவ்வோர் இழை முனையோடும் புதுப் பாவின் ஓர் இழையைச் சேர்த்துப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் வைத்து முறுக்க வேண்டும். வழுக்காமல் இருக்கச் சில ஊர்களில் சாம்பலைத் தொட்டுக்கொள்வார்கள். ஒரு சேலைப் பாவில் இழைகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். சாம்பலும் நூலும் சேர்ந்து அரைக்கும் அந்த இரு விரல்களைத்தான் இயந்திரம் முதலில் கேட்கிறது. தறியில் அமர்ந்திருப்பவருக்கு நாடாவை ஓட்டும் கயிற்றுப் பிடி ஒரு கையில். அச்சுப் பலகை மற்றொரு கையில். பிடி பட்ட இடமெல்லாம் காய்ப்பு. சாயம் தோய்ப்பவரின் விரல்கள் காரத்திலும் வெந்நீரிலும் ஊறி வெளுத்திருக்கும்.

வயலுக்கு வந்தாலும் இதே கதைதான். நாற்று நடுகிற பெண்களின் விரல் நுனிகள் சேற்றிலும் நீரிலும் நாள் முழுவதும் ஊறிச் சுருங்கியிருக்கும். கரும்பின் சோகை கத்தி போல் அறுக்கும். பருத்தி எடுப்பவர்களை வெடித்த காயின் முனை குத்திக்கொண்டேயிருக்கும். முந்திரிக் கொட்டை உடைப்பவர்களின் நிலைமை எல்லாவற்றிலும் கொடியது. கொட்டையின் ஓட்டில் உள்ள எண்ணெய் தோலை எரித்து உரிக்கும் தன்மையது. அவ்வேலை செய்பவர்களின் விரல்களைப் பார்த்தவர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள்.

இந்தக் கைகளை நாம் எவ்வாறு பார்க்கிறோம்? ஒருவர் கையைப் பிடித்துப் பார்த்தாலே இவர் தறிக்காரர், இவர் ஏர் பிடிப்பவர் என்று சொல்லிவிடக் கூடியவர்கள் நம்மில் உண்டு. பெண் கொடுக்க வந்தவர்கள் மாப்பிள்ளையின் கையைப் பார்த்து, 'தொழில் தெரிந்த பையன்' என்று நிறைவு கொண்ட காலமும் இருந்தது. என் தமக்கையாரின் விரல்களில் ரேகை இல்லை என்பது உண்மை. அந்த வழுவழுப்பே அவர் இன்னார் என்பதற்கு எங்கள் ஊரில் சான்று. அவரை அவராக்கிய தொழிலே, அவர் அவரல்லர் என்று சொல்வதற்கும் காரணமாகிவிட்டது. கையில் வேலை படாத செல்வர் வீட்டுப் பிள்ளை விரலை வைத்தால் இயந்திரம் உடனே வணங்கி ஏற்றுக்கொள்கிறது. அவர் நியாய விலை அரிசிக்கு வருவதில்லை என்பது வேறு விஷயம்.

உடல் மாறும் என்பதை இம்முறையை வகுத்தவர்களும் அறிந்தே இருக்கிறார்கள். ஆதாருக்குப் பதிந்த குழந்தைகளின் ரேகை முதலியவற்றை 5 வயதிலும் 15 வயதிலும் புதிதாகப் பதிய வேண்டுமென்று விதி இருக்கிறது. வளர்ச்சியினால் வரும் மாற்றத்தை ஒப்புக்கொண்டவர்கள், உழைப்பினாலும் முதுமையாலும் வரும் மாற்றத்திற்கு அவ்வாறு ஒரு வேளை குறிக்கவில்லை. பெரியவர்களும் புதுப்பித்துக்கொள்ளலாம், ஆனால் அதற்கு அவரே அறிந்து, அவரே அலைந்து, கட்டணமும் செலுத்த வேண்டும்.

இது ஓரிருவர் குறையன்று. 2016-17-ஆம் ஆண்டுக்கான மைய அரசின் பொருளாதார ஆய்வறிக்கை, ஒப்பிட்டுப் பார்த்தல் தவறிய அளவுகளாகச் சில மதிப்பீடுகளை எடுத்துக் காட்டியிருந்தது: ஜார்க்கண்டில் 49 விழுக்காடு, ராஜஸ்தானில் 37 விழுக்காடு, குஜராத்தில் 6 விழுக்காடு, ஆந்திரத்தின் கிருஷ்ணா மாவட்டத்தில் 5 விழுக்காடு. இத்தவறுகளுக்கு விரல் மட்டும் காரணமன்று. கம்பியில்லாத் தொடர்பு கிடைக்காமையும் இயந்திரக் கோளாறும் சேர்ந்திருக்கும். ஐந்து விழுக்காடு என்பது கணக்கில் சிறிய எண்தான். ஆயிரம் அட்டைகள் உள்ள ஒரு கடையில் அது ஐம்பது குடும்பம்; ஐம்பது அடுப்பு.

சட்டத்தில் இடமில்லை என்றும் சொல்வதற்கில்லை. 2016-ஆம் ஆண்டின் ஆதார் சட்டமே முதியோர், உடற்குறையுடையோர், அமைப்புசாராத் தொழிலாளர் முதலியோருக்குப் பதிவு செய்வதில் தனி ஏற்பாடுகள் வேண்டும் என்று கூறுகிறது. 2017 அக்டோபரில் மைய அரசு மாநிலங்களுக்கு அனுப்பிய அறிவுரையில், ரேகை பொருந்தாத காரணத்தால் உரியவருக்கு உணவுப் பொருள் மறுக்கலாகாது என்று கூறப்பட்டிருந்தது. 2018 செப்டம்பர் 26-ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தபோது, பெரும்பான்மையினர் சட்டத்தைப் பெரும்பாலும் நிலைநிறுத்தினர். எனினும், ஒப்பிடுதல் தவறினால் வேறு வகையில் அடையாளம் காட்ட இடமளிக்க வேண்டும் என்பதையும் ஏற்றனர். மாறுபட்டுத் தீர்ப்பெழுதிய நீதிபதி சந்திரசூட், இயந்திரத்தின் தவறால் ஏழை விலக்கப்படுவதை இன்னும் கடுமையாகவே எடுத்துக்காட்டினார்.

ஆகவே தில்லியில் எழுதப்பட்டதில் குறை அவ்வளவாக இல்லை. குறை கடையின் முகப்பில் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2020 அக்டோபர் முதல் நியாய விலைக் கடைகளில் விரல் ரேகை முறை நடைமுறைக்கு வந்தது. அக்கடைகளில் மிகப் பெரும்பாலானவற்றை நடத்துவது யார்? கூட்டுறவுச் சங்கங்கள். அதாவது நாம். என் தமக்கையாரை மூன்று நாள் திருப்பி அனுப்பியது எங்கோ இருக்கும் அரசாங்கமன்று. அவரும் நானும் பங்குத் தொகை செலுத்தியவர்கள் நடத்தும் கடையைப் போன்ற ஒரு கடைதான். இதை எழுதுவதற்குக் கை கூசுகிறது. எழுதாமலிருப்பது அதனினும் கூச்சம்.

இவ்விடத்தில் ஒரு நியாயமான மறுப்பு எழும். 'ஆளை ஆள் அறிவான் என்று விட்டுவிடலாமா? முகத்தைப் பார்த்து அரிசி கொடுத்த காலத்தில் போலி அட்டைகள் எத்தனை இருந்தன? செத்தவர்கள் எத்தனை பேர் மண்ணெண்ணெய் வாங்கினார்கள்?' என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். நம் நெசவாளர் சங்கங்களிலேயே, இல்லாத தறிக்கு நூல் வாங்கியவர்களும், நெய்யாதவரை நெசவாளராகக் காட்டிச் சலுகை பெற்றவர்களும் இருந்திருக்கிறார்கள். அவர்களையும் 'எனக்குத் தெரியும்' என்று சொல்லித்தான் ஒருவர் பதிவேட்டில் ஏற்றினார். அறிமுகம் என்பது சில வேளைகளில் உண்மைக்குத் துணை நிற்கும்; சில வேளைகளில் கள்ளத்திற்குத் திரை பிடிக்கும்.

மனிதரின் கண் எவ்வளவு தடுமாறும் என்பதற்குப் பாவால் சன்னியாசி வழக்கைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடையாது. டாக்கா மாவட்டத்தில் பாவால் என்றொரு பெரிய ஜமீன். அதன் இரண்டாம் குமாரர் ரமேந்திர நாராயண ராய் 1909 மே திங்களில் டார்ஜிலிங்கில் இறந்து தகனம் செய்யப்பட்டார் என்று செய்தி வந்தது. ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து டாக்கா நகரின் ஆற்றங்கரையில் உடலெங்கும் நீறு பூசிய ஒரு சன்னியாசி வந்தமர்ந்தார். உடன்பிறந்த தமக்கை அவரைத் தம் தம்பியென்று ஏற்றார். தாலி கட்டிய மனைவி தம் கணவரல்லர் என்று மறுத்தார். 1930-இல் வழக்குத் தொடுக்கப்பட்டது. ஆயிரத்திற்கும் மேற்பட்ட சாட்சிகள் விசாரிக்கப்பட்டனர். காலிலிருந்த தழும்பு, பாதத்தின் சொரசொரப்பான தோல் முதலியவை, பழைய நிழற்படங்கள், நடை, பேச்சு எல்லாம் ஆராயப்பட்டன. குமாரரின் தாய்மொழி வங்காளி. சன்னியாசி பேசியதோ இந்தி. கண்டு பழகியவர்களே இரு கட்சியாய் நின்று, 'அவர்தான்', 'அவரல்லர்' என்று சத்தியம் செய்தார்கள். 1936 ஆகஸ்டில் நீதிபதி பன்னாலால் பாசு சன்னியாசியே குமாரர் என்று தீர்ப்பளித்தார். கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் 1940-இல் நீதிபதிகள் ஒருமனப்படவில்லை. பெரும்பான்மையால் அத்தீர்ப்பு நிலைத்தது. 1946 ஜூலை இறுதியில் லண்டன் பிரிவி கவுன்சிலும் அதனை உறுதிப்படுத்திற்று. வென்றவர் சில நாட்களிலேயே இறந்துபோனார்.

உடல் அடையாளம் வேண்டவே வேண்டாம் என்று சொல்பவர்கள் இவ்வழக்கை எண்ணிப் பார்க்க வேண்டும். அதே வழக்கு மற்றொன்றையும் காட்டுகிறது. தழும்பு ஒன்றை மட்டும் வைத்து நீதிபதி தீர்ப்பெழுதவில்லை. மொழி மாறிவிட்டது என்பதனால் மட்டும் தள்ளிவிடவும் இல்லை. ஒன்று பொருந்தவில்லையென்றால் மற்றொன்றைப் பார்த்தார்; எல்லாவற்றையும் சேர்த்து எடை போட்டார். உடல் ஒரு சாட்சி. சாட்சியைக் கூண்டில் ஏற்றலாம். நீதிபதியின் இருக்கையில் ஏற்றக்கூடாது. ஒரு ஜமீனின் வாரிசைத் தீர்மானிக்க ஆயிரம் சாட்சிகளுக்குக் காது கொடுத்த நாட்டில், ஒரு மூதாட்டியின் அரிசிக்காக இரண்டு சாட்சிகளைக் கேட்கக் கூடாதா?

போலிகளைப் பற்றி இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். விரல் ரேகை ஆள் மாறாட்டத்தைத் தடுக்கும், அது மெய். எடைக் குறைவைத் தடுக்குமா? இருபது கிலோவுக்கு ரேகை வைத்தவருக்குப் பதினெட்டு கிலோ அளந்தால் இயந்திரம் என்ன செய்யும்? சங்கத்திற்கு வந்து சேரும் நட்டத்தில் எவ்வளவு பங்கு ஆள் மாறாட்டத்தால், எவ்வளவு பங்கு தராசால் என்பதை அங்கத்தினர்கள் தத்தம் ஊர் அனுபவத்தைக் கொண்டே எண்ணிக்கொள்ளலாம்.

கூட்டுறவு இயக்கம் இந்நாட்டில் வேர்விட்ட வரலாற்றை அறிந்தவர்களுக்கு நான் சொல்லவருவது புதிதாக இராது. சென்னை அரசாங்கத்தின் பொருட்டுப் பிரெடரிக் நிக்கல்சன் 1895-லும் 1897-லும் அளித்த அறிக்கைகளில், ஜெர்மானிய நாட்டு ரைபைசனின் கிராமக் கடன் சங்கங்களை நமக்கு வழிகாட்டியாக எடுத்துரைத்தார். 1904-இல் சட்டம் பிறந்தது. ரைபைசன் முறையின் அடிப்படை யாது? ஒரு சங்கத்தின் எல்லை ஒரு சிற்றூரளவே இருக்க வேண்டும். ஏனெனில் அங்கத்தினர்கள் ஒருவரை ஒருவர் அறிந்திருக்க வேண்டும். நிலமும் நகையும் ஈடு வைக்க இல்லாதவருக்கு, அவரை அறிந்தவர்களின் சொல்லே ஈடு. சொன்னவர் வெறுமனே சொல்லிவிட்டுப் போக முடியாது. கடன் திரும்பாவிட்டால் அவரும் பொறுப்பு. அறிமுகத்தோடு பொறுப்பையும் சேர்த்துக் கட்டியதால்தான் அச்சங்கங்கள் நிலைத்தன. பொறுப்பைக் கழற்றிவிட்டு அறிமுகத்தை மட்டும் வைத்துக்கொண்ட இடங்களில்தான் இல்லாத தறிகளும் செத்த அட்டைகளும் பெருகின.

ஆதலால் இயந்திரத்தைத் தூக்கி எறிய வேண்டுமென்று நான் கூறவில்லை. அது முதலில் கேட்கட்டும். பெருவிரல் விழாவிட்டால் மற்ற ஒன்பது விரல்களையும் கேட்கட்டும். எந்த விரல் தெளிவாக விழுகிறது என்று ஒருமுறை கண்டறிந்து அட்டையின் உறையில் எழுதி வைத்துவிட்டால் மாதந்தோறும் நேரமும் மிஞ்சும். கண்ணின் கருவிழியைப் பார்க்கும் கருவி உள்ள கடையில் அதனையும் பயன்படுத்தட்டும். கைப்பேசி உள்ளவருக்கு அதன் வழியாக வரும் எண்ணைக் கேட்கட்டும். இவையெல்லாம் தவறினால், அன்றைக்கே, அந்த இடத்திலேயே, அவரை அறிந்த இரண்டு அங்கத்தினர்கள் பதிவேட்டில் பெயரெழுதிக் கையொப்பமிட்டுப் பொருளைக் கொடுக்கச் செய்ய வேண்டும். பொய் சொல்லியிருந்தால் அதன் விலையை அவ்விருவரே சங்கத்திற்குக் கட்ட வேண்டும். விற்பனையாளர் தனியாக நின்று அஞ்ச வேண்டிய நிலையும் இதனால் நீங்கும். அந்தப் பிள்ளையின் மேல் எனக்குக் கோபமில்லை. பின்னால் தணிக்கைக்கு வருகிறவர் கேள்வி கேட்டால் அவருக்காக எழுந்து நிற்கச் சங்கம் முன்வரவில்லை என்பதே என் குறை.

'நாளைக்கு வாருங்கள்' என்ற சொல்லைக் கடையிலிருந்து எடுத்துவிட வேண்டும். நெசவாளிக்கு நாளை என்பது ஒரு நாள் கூலி. அவருடைய விரலும் ஓர் இரவில் வளர்ந்துவிடப் போவதில்லை.

பொருந்தாமற்போன ஒவ்வொரு முறையும் ஒரு புத்தகத்தில் குறிக்கப்பட வேண்டும். இப்பொழுது அது எங்கும் எழுதப்படுவதில்லை. வெறும் பையோடு திரும்பியவர் கணக்கில் வராமலே போய்விடுகிறார். இம்மாதம் எத்தனை பேர், எந்தத் தொழில் செய்பவர், எத்தனை முறை நடந்தார் என்பது எழுதப்பட்டால், புதுப்பித்துப் பதியும் முகாமை எந்தத் தெருவில் முதலில் நடத்த வேண்டும் என்பதும் தானே தெரியும். எங்கள் ஊரில் அது பாவு பிணைக்கும் பெண்கள் வாழும் தெருவாகத்தான் இருக்கும் என்று எண்ணுகிறேன்.

எங்கள் சங்கத்தின் அடுத்த பொதுக்குழுக் கூட்டத்திற்கான பொருட்குறிப்பில் இதனைச் சேர்க்குமாறு எழுதிக் கொடுத்திருக்கிறேன். செயலாளர் வாங்கி வைத்துக்கொண்டு, "மேலிடத்தைக் கேட்க வேண்டும்" என்றார். கேட்கட்டும். சாட்சிக் கையொப்பத்திற்கான பதிவேட்டின் முதற் பக்கத்தில் என் பெயரை எழுதிக்கொள்ளலாம் என்றும் சொல்லி வந்திருக்கிறேன். தமக்கையார் இம்மாதமும் இடக்கை மோதிர விரலை வைத்து அரிசி வாங்கி வந்தார். அந்த விரலைப் பிணைப்பு வேலையில் படாமல் சற்றுத் தூக்கிப் பிடித்தபடியே இப்பொழுது இழை முறுக்குகிறார். பக்கத்திலிருப்பவர்கள் ஏனென்று கேட்டால், "அது அரிசிக்கு வைத்திருக்கிற விரல்" என்கிறார்.